வின்ட்னர்ஸ் ஹாலில் இருந்து வின்செஸ்டர் வரை

ஊர்வலத்துக்கு முன்னால் தெருவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளை மேலங்கி, தலையில் உயரமான கறுப்புத் தொப்பி, கையில் சுள்ளிகளைச் சேர்த்துக் கட்டிய துடைப்பம். அவர்களுக்குப் பின்னால் ரோமம் வைத்துத் தைத்த நீள அங்கிகளில் சங்கத்துப் பெரியவர்கள், கையில் ஆளுக்கொரு சிறு பூச்செண்டுடன் வந்தார்கள். லண்டன் நகரத்தின் ஒயின் வணிகர் சங்கமான வின்ட்னர்ஸ் கம்பெனி, ஜூலை மாதத்தில் புதிய தலைவரை அமர்த்தும் நாளில், தன் மண்டபத்திலிருந்து செயின்ட் ஜேம்ஸ் கார்லிக்ஹைத் தேவாலயத்துக்கு இப்படித்தான் நடந்து போகிறது. தெருவெல்லாம் சாணமும் சகதியுமாகக் கிடந்த காலத்தில் பெரியவர்கள் வழுக்கி விழக் கூடாதென்று துடைப்பம் வந்தது. நாற்றமும் நோயும் அண்டக் கூடாதென்று பூச்செண்டு வந்தது. அப்பர் தேம்ஸ் தெருவில் இன்று தூசியைத் தேடித்தான் பார்க்க வேண்டும். இருந்தும் துடைப்பத்தை விடவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒருவன் எழுதப்போகும் தேர்வைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் லண்டனில் சில நாட்கள் தங்கினேன். பள்ளியில் என்னோடு படித்தவளின் தம்பி அவன். கேட்டரிங் படித்துவிட்டுத் துபாய் ஓட்டல், சுற்றுலாக் கப்பல் என்று வேலை பார்த்து, இப்போது தேம்ஸின் தென்கரையில் ஓர் உணவகத்தில் இருக்கிறான். சொமெலியே ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. உணவகத்துக்கு வேண்டிய ஒயினைத் தேர்ந்து வாங்குவது, பாதுகாப்பது, சாப்பிட வந்தவரின் தட்டுக்கும் பைக்கும் பொருந்துவதை எடுத்துச் சொல்வது, மேஜையில் திறந்து ஊற்றுவது, இவை எல்லாம் சேர்ந்ததுதான் சொமெலியேயின் வேலை. ஒரு பரிசாரகனின் நாக்கையும் மூக்கையும் கையையும் எந்தச் சங்கம், எந்த உரிமையில், எதை வைத்து அளந்து சான்றிதழ் கொடுக்கிறது என்பதை நேரில் பார்க்க விரும்பினேன். அந்தக் கேள்வியோடு லண்டனுக்கு வருகிறவர்கள் வின்ட்னர்ஸ் ஹாலிலிருந்து தொடங்குவதுதான் சரி.

இந்த வட்டாரத்தின் பெயரே வின்ட்ரி. 1152-இல் அக்விடேன் சீமாட்டி எலியனோரை மணந்தவர் இரண்டே ஆண்டுகளில் இரண்டாம் ஹென்றியாக இங்கிலாந்தின் அரியணை ஏறினார். அன்று முதல் 1453 வரை, அக்விடேனில் அடங்கிய போர்தோ வட்டாரம் ஆங்கில அரசர்களின் கையில் இருந்தது. அந்த மூன்று நூற்றாண்டுகளில் போர்தோவின் ஒயின் பீப்பாய்கள் வந்து இறங்கிய துறை இதுதான். கவிஞர் சாசரின் தந்தை ஜான் சாசர் இந்தத் தேம்ஸ் தெருவில் ஒயின் வியாபாரம் செய்தவர். 1363-இல் மூன்றாம் எட்வர்ட் கொடுத்த பட்டயம், போர்தோவை உள்ளடக்கிய காஸ்கனியோடான ஒயின் வணிகத்தின் ஏகபோக உரிமையை வின்ட்னர்களிடம் ஒப்படைத்தது.

அடுத்த ஆண்டே, 1364-இல், ஜான் பென்ரோஸ் என்றொரு வியாபாரி கெட்டுப்போன ஒயினை விற்று மாட்டிக்கொண்டார். அவர் விற்ற ஒயினிலேயே ஒரு மிடறு அவரைக் குடிக்க வைத்து, மிச்சத்தை அவர் தலையில் ஊற்றி, இனி லண்டனில் இந்தத் தொழிலே செய்யக் கூடாது என்று தீர்ப்பு சொன்னார்கள். நகரத்தின் பழைய பதிவேட்டில் இருக்கும் சேதி இது. எனக்கு அந்தத் தண்டனையைவிட அதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு முக்கியமாகப் படுகிறது. ஒயின் நல்லதா கெட்டதா என்று குடிப்பவர் மட்டுமே முடிவு செய்தால் வழக்கு நிற்காது. ருசி தெரிந்தவர்கள் என்று ஊர் ஒப்புக்கொண்ட சிலர் வேண்டும், அவர்கள் சொல் சபையில் எடுபட வேண்டும். ஒயினுக்குச் சங்கம் கட்டியதன் முதல் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சங்கத்துக்குள் நுழைய மூன்று வழிகள் இருந்தன: ஒரு உறுப்பினரிடம் பல ஆண்டுகள் பயிலாளாக இருப்பது, உறுப்பினருக்குப் பிள்ளையாகப் பிறந்திருப்பது, பணம் கொடுத்து உரிமை பெறுவது. 1666-இன் பெருந்தீயில் எரிந்து, பிறகு எழுப்பப்பட்ட மண்டபத்தின் வாசலில் நின்றபோது அந்தக் காலத்துச் சுமைகூலிக்காரர்களை நினைத்துக்கொண்டேன். துறையிலிருந்து கிடங்கு வரை ஒயின் பீப்பாய்களை உருட்டியே வாழ்நாளைக் கழித்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மூன்று வழிகளில் எது திறந்திருக்கும்? தேம்ஸ் நதியின் அன்னங்களில் ஒரு பங்குக்கு, அரசரோடும் சாயக்காரர் சங்கத்தோடும் சேர்ந்து உரிமை கொண்டாடும் அளவுக்குச் செல்வாக்குள்ள சங்கம் இது. இன்றும் ஜூலையில் படகில் போய் அன்னக்குஞ்சுகளை எண்ணுகிறார்கள். தேவாலயத்தின் பக்கத்தில், அன்னத்தோடு நிற்கும் படகுத் தலைவரின் வெண்கலச் சிலை இருக்கிறது. நன்றாகச் செய்த சிலை, நின்று பார்க்கலாம்.

கதவு திறந்தது 1953-இல். இரண்டாம் உலகப் போர் முடிந்து, பிரிட்டிஷ் ஒயின் வணிகம் தள்ளாடிக்கொண்டிருந்தது. விவரம் தெரிந்த ஆட்கள் குறைந்துபோயிருந்தார்கள். வின்ட்னர்ஸ் கம்பெனியும் ஒயின், மதுவகை வணிகர் சங்கமும் சேர்ந்து ஒரு தேர்வு வைத்தன. 21 பேர் எழுதி 6 பேர் தேறினார்கள். 1955-இல் அவர்களைக் கொண்டு உருவானதுதான் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மாஸ்டர்ஸ் ஆஃப் ஒயின். பிறப்பையும் பயிலாள் ஆண்டுகளையும் கேட்ட இடத்தில் விடைத்தாளையும் பெயரை மறைத்த ருசிப் பரிசோதனையையும் கேட்ட முதல் ஏற்பாடு இது என்பதால் எனக்கு இந்த ஆண்டின் மேல் தனி மரியாதை. ஆனால் கதவு ஒரேயடியாகத் திறந்துவிடவில்லை. முதல் பெண், சாரா மார்ஃப்யூ ஸ்டீஃபன், 1970-இல்தான் தேறினார். பிரிட்டனுக்கு வெளியே இருந்தவர்கள் எழுத 1980-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தியாவின் முதல் மாஸ்டர் ஆஃப் ஒயின் சோனல் ஹாலண்ட். அது 2016-இல்.

1969 என்ற ஓர் ஆண்டில் மட்டும் இந்தத் துறையில் மூன்று விஷயங்கள் நடந்தன. லண்டனில் ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட் என்ற கல்வி அறக்கட்டளை தொடங்கியது. இங்கிலாந்தில் முதல் மாஸ்டர் சொமெலியே தேர்வு நடந்தது. பிரான்சின் ரேன்ஸ் நகரில் பல நாட்டுச் சொமெலியே சங்கங்கள் சேர்ந்து ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை அமைத்தன. இத்தாலிக்காரர்கள் இதில் முந்திக்கொண்டவர்கள். மிலானில் 1965-லேயே தங்கள் சங்கத்தைப் பதிவு செய்துவிட்டார்கள். மாஸ்டர் சொமெலியே தேர்வின் பின்னால் நின்ற அமைப்புகளின் பட்டியலைப் பார்த்தபோது வியப்பாக இருந்தது. வின்ட்னர்ஸ் கம்பெனி, மாஸ்டர்ஸ் ஆஃப் ஒயின், ஓட்டல் உணவகங்களின் சங்கம், மதுவகை வணிகர் சங்கம், இவற்றோடு புகையிலை மொத்த வணிகர் சங்கமும் இருந்தது. சாப்பாட்டுக்குப் பின் சுருட்டு கொண்டுவந்து பற்றவைத்துக் கொடுப்பதும் அன்றைய சொமெலியேயின் வேலை. 1977-இல் இந்தத் தேர்வை நடத்துவதற்கென்றே கோர்ட் ஆஃப் மாஸ்டர் சொமெலியேஸ் அமைந்தது.

இரண்டு பட்டங்களையும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். மாஸ்டர் ஆஃப் ஒயின் வணிகத்தையும் தயாரிப்பையும் சேர்த்துப் படிப்பவர். பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதுவார், பன்னிரண்டு ஒயின்கள் வீதம் மூன்று ருசித் தாள்களை முடிப்பார், ஓர் ஆய்வேடும் தருவார். மாஸ்டர் சொமெலியே மேஜையருகே நிற்பவர். அவருக்கான தேர்வில் கேள்வியும் வாயால், பதிலும் வாயால். ஆறு ஒயின்களை 25 நிமிடத்தில் முகர்ந்து, சுவைத்து, திராட்சை என்ன, எந்த நாடு, எந்த வட்டாரம், எந்த வருடம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிறகு தேர்வாளர்களே விருந்தினர்களாக உட்கார்ந்திருக்கும் மேஜையில் பரிமாற வேண்டும். உலகம் முழுவதும் இந்தப் பட்டம் பெற்றவர்கள் சுமார் 300 பேர்தான்.

பச்சையும் மஞ்சளுமாக வண்ணம் பூசிய சதர்க் பாலத்தைக் கடந்து, பரோ மார்க்கெட்டின் இரைச்சலுக்குள் புகுந்து வெளிவந்தால் பெர்மண்ட்சி தெரு. ஒரு காலத்தில் லண்டனுக்கே தோல் பதனிட்ட பகுதி. டேனர் தெரு, லெதர்மார்க்கெட் தெரு, மொராக்கோ தெரு என்று சந்துகளின் பெயர்களில் தோல் வியாபாரம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. இங்கேதான் அந்தக் கல்வி அறக்கட்டளையின் பள்ளி. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் உலகம் முழுவதும் இதன் பாடங்களைப் படிக்கிறார்கள் என்பதால் பெரிய கட்டடத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் தெருவில் தாண்டிப் போய்விடக்கூடும்.

மாலை வகுப்பு ஒன்றில் எனக்கும் இடம் கிடைத்தது. வெள்ளை மேஜை, அடி விரிந்து வாய் குறுகிய சிறு கோப்பைகள், தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், ஆளுக்கொரு படிக்கம். வாயில் வைத்துச் சுழற்றிப் படிக்கத்தில் துப்பிவிட வேண்டும், விழுங்கினால் நான்காவது ஒயினுக்குள் நிதானம் போய்விடும். முதல் ஒயினை ருசித்ததும் என் பக்கத்தில் இருந்தவர் "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றார். ஆசிரியை சிரித்தபடி, அதைக் கடைசியில் சொல்லலாம், முதலில் இது என்ன நிறம், தெளிவா கலங்கலா என்று கேட்டார். பிறகு மணம், அது மங்கலா தூக்கலா. பிறகு நாக்கு: இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, மதுவின் சூடு, கனம், விழுங்கிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றைக் குறைவு, நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழ், நடுத்தரம், அதற்குச் சற்று மேல், அதிகம் என்ற ஐந்து படிகளில் ஒன்றில் வைக்க வேண்டும்.

புளிப்பில் எங்களுக்குள் சண்டையே வந்தது. இனிப்புள்ள ரீஸ்லிங் ஒயின் அது. நான் உட்படப் பாதிப் பேர் புளிப்பு குறைவு என்றோம். நாக்கை நம்பாதீர்கள், துப்பிவிட்டுத் தலையைக் குனிந்து, வாயில் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்று பாருங்கள் என்றார் ஆசிரியை. ஊறிக்கொண்டே இருந்தது. இனிப்பு மறைத்துவைத்திருந்த புளிப்பு அது. அந்த அறையில் போலந்துக்காரர், நைஜீரியப் பெண், ஓய்வுபெற்ற ஆங்கிலேயர், நான் என்று யாருக்கும் யாருடைய சமையலும் தெரியாது. ஆனால் எச்சில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஊறியது, விடையும் ஒன்றாக வந்தது. அடுத்து வந்தது நியூசிலாந்தின் சோவிஞான் பிளாங்க், முகர்ந்ததும் பச்சைக் குடைமிளகாய் வாசம். அந்த வாசத்துக்குக் காரணம் பைரசின் என்ற வேதிப்பொருள் என்றும், குளிர்ச்சியான இடத்தில் திராட்சை பழுக்கும்போது அது அதிகம் தங்குகிறது என்றும் சொன்னார். கோப்பையிலிருந்து கிளம்பிய ஒரு வாசம், வேதியியல் வழியாக ஒரு தீவின் தட்பவெப்பம் வரை கூட்டிக்கொண்டு போனது. இந்தப் படிப்பை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்கள் இப்படி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கம்பத்துத் தம்பியின் பயிற்சி நடப்பது காலை பத்து மணிக்கு. இரவு வேலை முடிந்து படுக்க இரண்டு மணி ஆனாலும், நாக்கு துலக்கமாக இருப்பது அந்த நேரத்தில்தான் என்பதால் அவர்கள் அதை மாற்றுவதில்லை. பல உணவகங்களில் வேலை பார்ப்பவர்கள் காசு போட்டு, ஆளுக்கொரு பாட்டில் வாங்கி, காகிதம் சுற்றி, பெயர் தெரியாமல் மேஜையில் வைக்கிறார்கள். நான் போன அன்று மூன்றாவது கோப்பையை அவன் சுழற்றக்கூட இல்லை. மூக்கருகே கொண்டுபோன உடனே "மஸ்கட்" என்றான். மற்றவர்கள் இன்னும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தைப் பிரித்தால் அல்சாஸ் மஸ்கட்.

"எப்படிடா?" என்று கேட்டேன்.

"இது படிச்சு வந்ததில்லக்கா. தோட்டத்துல பன்னீர் திராட்சை வெட்டுற அன்னைக்கு எங்க வீட்டுத் திண்ணையெல்லாம் இந்த வாசம்தான் கெடக்கும். தூங்கும்போதுகூட அடிக்கும்."

கம்பத்துப் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் வகை. 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்டிரியா என்ற பழைய இனத்தையும் ஸ்கியாவா கிராசா என்ற இனத்தையும் கலந்து பிறந்த திராட்சை அது. ரோஜாவில் இருக்கும் ஜெரானியால், லினலூல் ஆகிய மணப்பொருள்கள் மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளிலும் இருக்கின்றன. நம் ஊரில் அதைப் பன்னீர் என்று மூக்கால் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மற்றக் கோப்பைகளில் அவனுக்கு அந்த வசதி இல்லை. பாடப்புத்தகத்தில் வரும் பிளாக்கரன்ட், குவின்ஸ், ருபார்ப் எதையும் அவன் இருபத்தைந்து வயது வரை கண்ணால் பார்த்ததில்லை. "திங்காத பழத்தை எப்படிக்கா மோந்து சொல்றது?" என்றான். ஞாயிற்றுக்கிழமைதோறும் பரோ மார்க்கெட்டுக்குப் போய், தெரியாத பழம் ஒன்றை வாங்கி, அறுத்து, முகர்ந்து, தின்று, நோட்டில் எழுதிக்கொள்கிறான். இங்கிலாந்தில் வளர்ந்த பிள்ளைக்கு அம்மாவின் சமையலறையில் இலவசமாகக் கிடைத்த பாடத்தை இவன் கிலோ கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறான். நாவல் பழம் என்று ஒரு மாணவன் எழுதினால் அது எந்த மணத்தைக் குறிக்கிறது என்று தேர்வாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். உலகம் முழுவதிலுமிருந்து கட்டணம் வாங்கும் சங்கங்களுக்கு இந்தக் கடமை உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். துவர்ப்பில் மட்டும் இவனை யாரும் அசைக்க முடியாது. சிவப்பு ஒயினின் துவர்ப்பு வாழைப்பூவை ஆய்ந்த கையை நக்கினது மாதிரி பல்லின் மேல் வந்து உட்காரும், அதில் எத்தனை படி என்று கண்ணை மூடிச் சொல்கிறான்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, இரவுக் கூட்டம் வரும்வரை உணவகம் காலியாக இருக்கும். அந்த நேரத்தில் என்னை விருந்தாளியாக உட்காரவைத்துப் பரிமாறிக் காட்டினான். பழைய சிவப்பு ஒயின், அடியில் மண்டி படிந்தது. பாட்டிலைப் படுக்கைவாக்கிலேயே ஒரு கூடையில் வைத்து, உலுக்காமல் கொண்டுவந்தான். பெயர்ச்சீட்டு என் கண்ணுக்குத் தெரியும்படி காட்டி, வருடத்தையும் தயாரித்தவரையும் சொல்லி, என் தலையசைப்புக்குக் காத்திருந்தான். கழுத்தில் இரண்டாவது விளிம்புக்குக் கீழே கத்தியை ஓட்டி, மூடியுறையை ஒரே துண்டாக எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். மேஜையில் குப்பை விழக் கூடாது. தக்கையின் நடுவில் திருகை இறக்கி, இரண்டு தம்மில் தூக்கி, கடைசி நூலளவை விரலால் உருவினான். சத்தமே வரவில்லை. பிறகு மெழுகுவத்தியை ஏற்றி, சுடரின் மேல் பாட்டிலின் தோள்பட்டை வருமாறு பிடித்துக்கொண்டு, கண்ணாடிச் சாடிக்குள் சரித்தான். தெளிந்த சிவப்பு நூலாக இறங்கிக்கொண்டே இருந்தது. சுடர் வெளிச்சத்தில் புகைபோல ஒரு கறுப்பு தோளுக்கு ஏறி வந்ததும் கையை நிறுத்தினான். பாட்டிலில் இரண்டு விரற்கடை மிச்சம், சாடியில் ஒரு துகள் இல்லை.

தேர்வில் இத்தனையும் செய்துகொண்டிருக்கும்போதே கேள்விகள் வரும். இந்த ஒயினுக்கு எந்தப் பாலாடைக்கட்டி பொருந்தும், நான் கேட்ட பாட்டில் இல்லையென்றால் வேறு என்ன தருவாய் என்பார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவன் பயின்றிருக்கும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. கேட்டதைவிட விலை கூடினதைச் சொல்லக் கூடாது. அதே விலை, அல்லது அதற்குக் கீழே. விருந்தாளி வேறு யாரையாவது அழைத்து வந்திருக்கலாம், அவர்கள் எதிரில் பையைப் பற்றி யோசிக்கும் நிலைக்கு அவரைத் தள்ளக் கூடாது.

முதல் தடவை இவன் தேறவில்லை. கோர்ட்டின் நான்கு படிகளில் இரண்டாவது படித் தேர்வு. எழுத்து, ருசி, பரிமாறல் மூன்றிலும் தனித்தனியே 60 விழுக்காடு எடுக்க வேண்டும். முதல் இரண்டில் எடுத்துவிட்டான். பரிமாறலில் ஷாம்பேன் வந்தது. அந்தப் பாட்டிலுக்குள் காற்றழுத்தம் ஐந்தாறு மடங்கு இருக்கும். கம்பிக்கூட்டை ஆறு அரைத்திருப்பில் தளர்த்தி, கட்டை விரலைத் தக்கையின் மேலேயே வைத்து, தக்கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருக வேண்டும். பெருமூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம்தான் வரலாம். "என் கை வேர்த்துருச்சுக்கா. வெடி மாதிரி வெடிச்சிருச்சு. அந்த ஓட்டல்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க." மூன்றையும் மறுபடி முதலிலிருந்து எழுத வேண்டும், கட்டணமும் மறுபடி. கட்டணத்தைவிட, பயிற்சிக்காக வாங்கும் பாட்டில்களின் செலவுதான் அவனைப் பிழிகிறது. இவன் தேறினால் லாபம் உணவகத்துக்கு. ஆனால் செலவு இவன் சம்பளத்திலிருந்து போகிறது. படிக்கும் பணியாளருக்கு முழுச்செலவும் கொடுக்கும் முதலாளிகளும் லண்டனில் இருக்கிறார்கள், அது விதிவிலக்காக இருக்கக் கூடாது.

இவ்வளவு வியர்வையோடு பெறும் சான்றிதழுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? தேர்வு வைப்பவரின் நேர்மையிலிருந்துதான். 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த மாஸ்டர் சொமெலியே தேர்வில் 24 பேர் தேறினார்கள். வழக்கத்தில் இல்லாத எண்ணிக்கை. அடுத்த மாதமே, ருசித் தேர்வில் வைத்த ஒயின்களைப் பற்றிய தகவலை மாஸ்டர் ஒருவரே முன்கூட்டிக் கசியவிட்டது தெரியவந்தது. கோர்ட் ஆஃப் மாஸ்டர் சொமெலியேஸின் அமெரிக்க அமைப்பு அந்த ருசித் தேர்வையே ரத்து செய்ய, 23 பேர் பட்டத்தை இழந்தார்கள். அவர்களில் பலர் எந்தத் தகவலும் பெறாமல், பல ஆண்டுகள் உழைத்துத் தேறியவர்கள். 2020-இல், பட்டம் பெற்ற ஆண்கள் தங்களிடம் படிக்க வந்த பெண்களிடம் அத்துமீறியதாக நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. விசாரணைக்குப் பின் சிலர் உறுப்பினர் தகுதியை இழந்தார்கள். பயிற்சி தருபவர், தேர்வு வைப்பவர், சிபாரிசு செய்பவர் மூவரும் ஒரே சிறு வட்டத்து ஆட்களாக இருக்கும்போது இது நடக்கிறது. பழைய வின்ட்னர் சங்கத்தின் மூடிய அறை வேறு உருவத்தில் திரும்பி வருவதுதான் அது. அந்த வட்டத்தை உடைக்காமல் தேர்வைக் கடினமாக்கிக்கொண்டே போவதில் மாணவனுக்கு ஒரு நன்மையும் இல்லை. இதைத் தம்பியிடம் சொன்னபோது, "அதுக்காக எழுதாம இருக்க முடியுமாக்கா? எனக்கு சிபாரிசு பண்ண ஆளில்லையே, இந்தப் பேப்பர்தான் பேசணும்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அந்தத் தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு கவலைப்படுகிறேன்.

அவன் விடுமுறை நாளில் இருவருமாக வாட்டர்லூவில் ரயிலேறி வின்செஸ்டர் போனோம். ஒரு மணி நேரப் பயணம். எல்லோரும் அங்கே பேராலயத்தைப் பார்க்கப் போகிறார்கள், நாங்களும் பார்த்தோம். ஆனால் அவன் பார்க்க விரும்பியது சவுத்கேட் தெருவில் இருக்கும் ஓர் ஓட்டலை. 1994-இல் ஜெரார்ட் பாசே தன் கூட்டாளியோடு தொடங்கிய ஓட்டல் து வான்.

பிரான்சின் சாந்த் எதியென் நகரத்துக்காரர் பாசே. 1977-இல் தன் ஊர்க் கால்பந்து அணி லிவர்பூலில் ஆடுவதைப் பார்க்க இங்கிலாந்து வந்து, நாடு பிடித்துப்போய், பிறகு ஐல் ஆஃப் மேன் தீவில் ஓர் ஓட்டல் சமையலறையில் எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்தார். குடும்பத்தில் ஒயின் வியாபாரமும் இல்லை, தோட்டமும் இல்லை. அங்கிருந்து பரிசாரகர், சொமெலியே, 1989-இல் மாஸ்டர் சொமெலியே, 1998-இல் மாஸ்டர் ஆஃப் ஒயின். உலகின் சிறந்த சொமெலியே போட்டியில் ஆறாவது முயற்சியில், 2010-இல், சிலியின் சாந்தியாகோவில் வென்றார். அப்போது அவருக்கு வயது 53. அவரிடம் வேலை பார்த்தவர்களில் பலர் மாஸ்டர் சொமெலியே ஆனார்கள். 2019 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை, இந்தத் துறையின் வாசலுக்கே வர முடியாமல் இருந்த சமூகங்களின் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கிறது.

1363-இன் விதிகளின்படி பாசே வின்ட்னர் ஆகியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தேர்வு என்ற ஒன்று இருந்ததால்தான் சமையலறையிலிருந்து மேஜைக்கு வந்தார். அத்தனை குறைகளுக்குப் பிறகும் நான் இந்தச் சங்கங்களின் பக்கம் நிற்பது அந்த ஒரு காரணத்துக்காக.

மதியச் சாப்பாட்டுக்கு அங்கேயே உட்கார்ந்தோம். எங்களுக்குப் பரிமாறிய பெண்ணின் கைகளைத் தம்பி விடாமல் கவனித்தான். அவள் பாட்டிலைத் திறந்து, கழுத்தைத் துணியால் துடைத்து, அவனுக்கு ஒரு மிடறு ஊற்றினாள். அவன் கோப்பையைப் பிடித்த விதத்தைப் பார்த்ததும், "எந்தப் படி எழுதுகிறாய்?" என்று அவளே கேட்டுவிட்டாள். அவள் மூன்றாவது படிக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஷாம்பேன் கதையை அவன் சொல்ல, தக்கையின் மேல் துணியை மடித்து வைத்துப் பிடித்தால் கை வழுக்காது என்று செய்தே காட்டினாள். மற்ற மேஜைகள் காலியான பிறகு அவள் மறுபடி எங்களிடம் வந்து நின்றாள். பிரான்சின் லுவார் நதிக்கரை ஒயின் ஊர்கள் இருவருக்கும் தகராறு. கடலோரத்திலிருந்து கிழக்கே ஏறி, ஊர்களை வரிசை தவறாமல் ஒப்பிக்க வேண்டும். அவள் ஒன்று சொல்ல அவன் அடுத்ததைச் சொன்னான்: முஸ்கடே, ஆன்ஜூ, சொமூர், ஷினோன், வூவ்ரே, சான்செர். அவன் ஷினோனை சொமூருக்கு முன்னால் போட்டுவிட, முதலிலிருந்து தொடங்கினார்கள்.